கிரிபட்டியில் கை தூக்க மாட்டார்கள்

ஹம்ஸ்டரைக் காணவில்லை!

சுவிஸ் நாட்டின் வில் நகரத்துப் பள்ளியில், ஐந்தாம் வகுப்பு முழுவதும் அந்தச் செல்ல எலியின் கூண்டைச் சுற்றி நின்றது. கூண்டுக் கதவு ஆவென்று திறந்து கிடந்தது.

“வெள்ளிக்கிழமை சாப்பாடு வைச்சது ஆர்?” என்று கத்தினான் ரேட்டோ.

எல்லாருடைய கண்ணும் தவராஜா மேல் பாய்ந்தது. அவன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஜெர்மன் அவன் வாய்க்குள் நுழையவே மறுத்தது. பாவம், மலங்க மலங்க விழித்தான்.

“இவன்தான் திறந்து விட்டிருக்கிறான். நாளைக்குப் பனிச்சறுக்குக்கு இவன் வரக் கூடாது. கை தூக்கிப் பாப்பம்!” என்றான் ரேட்டோ.

அந்த வகுப்பில் எதற்கெடுத்தாலும் கை தூக்குவதுதான் வழக்கம். பக்கத்து அப்பன்செல் மாநிலத்தில் பெரியவர்களே சதுக்கத்தில் கூடிக் கை தூக்கித்தானே முடிவெடுக்கிறார்கள்!

கெல்லர் ரீச்சர் பெருமூச்சு விட்டார். “முதலில சிவகலா பேசட்டும். பிறகு கை தூக்கலாம்.”

சிவகலா அந்த வகுப்பில் இருந்த இன்னொரு தமிழ்ப் பிள்ளை. இன்று அவள் ஒரு தீவு நாட்டைப் பற்றிப் பேச வேண்டும். எழும்பியபோது, தவராஜா அவள் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

“சிவகலா, நான் பூட்டினனான். உண்மையா!” அவன் கண் கலங்கியிருந்தது. பனிச்சறுக்குக்காக அவன் இரவல் சப்பாத்துக்கூட வாங்கி வைத்திருந்தான்.

“எனக்குத் தெரியும். அழாதை” என்றாள்.

உலகப் படத்தில் பசிபிக் கடலுக்குள் விரலை வைத்தாள். “இது கிரிபட்டி. எல்லாம் சின்னச் சின்னத் தீவுகள். ஒரு தீவில உரம் செய்யிற பொஸ்பேற் இருந்தது. வெள்ளைக்காரர் தோண்டித் தோண்டி முடிச்சிட்டினம். இப்ப மீனும் கொப்பராவும்தான் பிழைப்பு.”

ஒரு தட்டை நீட்டினாள். “இதுதான் கொப்பரா, காய்ஞ்ச தேங்காய். அம்மா ஹீற்றருக்கு மேல காயவைச்சவ.”

யாரும் தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லாரும் கை தூக்கத்தான் காத்திருந்தார்கள்.

“அங்க ஆர் ஆட்சி?” என்று கேட்டார் ரீச்சர்.

“பாராளுமன்றம் இருக்கு. அதுக்கும் ஊர்மண்டபத்தின்ர பேர்தான், மனேயாபா. ஊரில ஒரு பிரச்சினை எண்டால் எல்லாரும் அங்க பாயில இருப்பினம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு இடம். கை எண்ணுறதில்லை. கதைச்சுக் கதைச்சு, எல்லாரும் ஒத்துக்கொண்ட பிறகுதான் எழும்புவினம்.”

சொல்லி முடித்தவள் தவராஜாவைப் பார்த்தாள். சட்டென்று கேட்டாள்: “ரீச்சர், நாங்களும் இண்டைக்கு அப்பிடிச் செய்வமோ?”

“தரையிலயோ?” என்று முகம் சுளித்தான் ரேட்டோ.

“தரையிலதான்” என்று மேசைகளைத் தள்ளத் தொடங்கினார் ரீச்சர்.

வட்டமாக உட்கார்ந்தார்கள். கொப்பராத் தட்டு நடுவில் இருந்தது. ரேட்டோவுக்குச் சம்மணம் வரவில்லை. பின்னால் சரிந்து விழுந்தான்.

ஒவ்வொருவராகப் பேசினார்கள். தவராஜா தமிழில் சொன்னான், சிவகலா ஜெர்மனில் சொன்னாள். “பூட்டினேன். பூட்டிவிட்டு இழுத்தும் பார்த்தேன்.”

“பொய்!” என்றான் ரேட்டோ.

அடுத்தது விரேனி. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை.

“பிறகு நான் வந்தனான். தடவிப் பாக்க ஆசையா இருந்தது. மணி அடிச்சதும் பூட்டாமல் ஓடிட்டன்.”

எல்லாரும் விரேனி பக்கம் திரும்பினார்கள்.

அப்போது வட்டத்தின் நடுவில், கறுக்… கறுக்… என்று கேட்டது. அலுமாரிக்கு அடியிலிருந்து எப்போதோ வந்த ஹம்ஸ்டர், கன்னம் இரண்டும் உப்ப, கொப்பராவைக் கடித்துக்கொண்டிருந்தது!

ரீச்சர் அதை மெல்ல அள்ளிக் கூண்டில் விட்டார்.

“அப்ப விரேனிதான் வரக் கூடாது!” என்றது ஒரு குரல். ரேட்டோவின் கையும் பாதி உயர்ந்தது. விரேனி முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

“கிரிபட்டியில கை தூக்க மாட்டினம்” என்றாள் சிவகலா.

ரேட்டோ தவராஜாவைப் பார்த்தான். காதுவரை சிவந்தான். கை கீழே இறங்கியது. “ரெண்டு பேரும் வரட்டும். என்னிலதான் பிழை, தவராஜா.”

“ஓம், வரட்டும்!” என்றது வட்டம் முழுவதும்.

எல்லாரும் எழும்பினார்கள். ரேட்டோவால் மட்டும் முடியவில்லை, கால் விறைத்துப்போயிருந்தது. தவராஜாதான் கை கொடுத்து அவனைத் தூக்கிவிட்டான்.