நாலாம் தேதிக் கட்டு

ஆறாம் அறைக்காரர் இறந்து மூன்று நாளாகியும் அவர் வார்டு கம்ப்யூட்டர் திரையிலிருந்து போகவில்லை.

மற்ற ஐந்து நோயாளிகளுக்கும் இன்றைய கட்டங்கள் காலியாக இருந்தன. ஆறாவதில் மட்டும் பச்சை. கை கழுவியாயிற்றா, ஆம். கழுத்தில் டிரிப்ஸ் ஏற்றும் குழாயின் கட்டு மாற்றியாயிற்றா, ஆம். குழாய் இன்னும் தேவையா, ஆம். நேரம் ஏழு ஐந்து. பதிந்த நர்ஸ் என்ற இடத்தில் அவள் பெயர். அவள் வார்டுக்குள் நுழைந்ததே ஏழரைக்கு.

"கம்ப்யூட்டருக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு," என்றாள்.

"அதுக்காவது லீவு கொடுப்பாங்க," என்றாள் பக்கத்து நாற்காலி நர்ஸ்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. திரையின் மூலையில் 'நேற்றையதையே பதி' என்று ஒரு பொத்தான் உண்டு. ஒரே தட்டு, முந்தைய நாளின் ஆம்கள் எல்லாம் இன்றைக்கு வந்து உட்கார்ந்துவிடும். ஆறாம் அறைக்கு ஒன்பது நாள் அதைத்தான் தட்டினாள். நடையின் கோடியில் இருக்கிறது, போய்வர நேரமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நேரம் இருந்தது.

அங்கே படுத்திருந்தவர் தையல்காரர். கழுத்தைத் தொட்டுக் காட்டுவார். "சிஸ்டர், குண்டூசியைத் துணியிலேயே விட்டா துருக்கறை ஏறிடும். அப்புறம் எந்த சோப்புக்கும் போகாது. இதை எப்ப எடுப்பீங்க?"

"நாளைக்கு," என்பாள் அவள், டேப்லெட்டும் கையுமாக வாசலில் நின்றபடியே.

கடைசி இரண்டு நாள் அவர் கேட்கவில்லை. பல் கிட்டிப்போக நடுங்கினார். ரத்தத்தில் கிருமி என்றார்கள். இறந்தபின் உடலைத் துடைக்கும்போது கட்டைப் பிரித்தது அவள்தான். கண்ணாடித்தாள் போன்ற அந்தக் கட்டின் ஓரத்தில் மாற்றிய நாளைப் பேனாவால் எழுதுவது வழக்கம். நாலாம் தேதி என்றிருந்தது, அவள் கையெழுத்தில். அன்று பதின்மூன்று. அடியிலிருந்து அழுகிய பழத்தின் இனிப்பு வாடை எழுந்தது. யாரும் பார்க்கும் முன் கட்டைக் கையுறைக்குள் சுருட்டிக் குப்பைக்கூடையில் அமுக்கினாள்.

மதியம் மேட்ரன் கூப்பிட்டார்.

"உன் பதிவு ஒரு நாள்கூட விடுபடலை. அப்ப கிருமி வந்த தப்பு ரூம் துடைக்கிற அம்மா மேலதான். மூணு மணிக்குள்ள உன் பதிவெல்லாம் உண்மைன்னு உறுதி பண்ணிடு. அந்த அம்மாவை இன்னைக்கே அனுப்பிடலாம்."

உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். "சரி மேடம்," என்றாள்.

நடையில் அந்த அம்மா வாளியோடு நின்றிருந்தாள்.

"சிஸ்டர், தினமும் ரெண்டு வேளை அந்த ரூமைத் துடைச்சேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். நீங்க கட்டு மாத்த வர்றப்பல்லாம் நான் அங்கதானே இருந்தேன்?"

கேலியா, கெஞ்சலா, தெரியவில்லை. முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

"பார்க்கலாம்க்கா," என்றாள், வாளியைப் பார்த்து.

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது உறுதி செய்தாள். ஒரே தட்டு.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ஜன்னல்களில் வெயில் கொட்டிக்கொண்டிருந்த நடையின் கோடியிலிருந்து, மருந்து தீர்ந்தால் டிரிப்ஸ் இயந்திரம் போடுகிற கீச்சொலி, விட்டு விட்டு, பொறுமையாக, யாராவது வரும்வரை நிறுத்தப்போவதில்லை என்பதுபோல வந்துகொண்டிருந்தது. ஆறாம் அறையில் இயந்திரமே இல்லை. அறையைப் பூட்டி மூன்று நாள் ஆகிறது. பக்கத்து நாற்காலி நர்ஸ் காது கேட்காதவள்போல் எழுதிக்கொண்டிருந்தாள்.

அவள் நடந்தாள். பினாயில் வாடைக்கு அடியில் அந்த இனிப்பு. சட்டைக் காலருக்குள் அரித்தது.

பூட்டு இல்லை. கதவு திறந்திருந்தது.

விரிப்பு மாற்றிய கட்டில். காலி. இயந்திரம் இல்லை. ஆனால் சத்தம் அங்கேதான். அவளுக்கு மிக அருகில்.

காலரை விலக்கினாள். விரலில் வழுவழுவென்று ஏதோ பட்டது.

கைகழுவும் தொட்டிக்கு மேல் கண்ணாடி. அதில் அவள் கழுத்து. கழுத்தில் கட்டு. ஓரத்தில் நாலாம் தேதி. அவள் கையெழுத்து. அடியில் சிவந்து, உப்பி, மஞ்சளாக அசைந்தது தோல்.

பிரித்தாள். அடியில் இன்னொன்று. நாலு.

அதையும். நாலு.

சரிந்தாள். கட்டில் தாங்கிக்கொண்டது. குளிர். பல் கிட்டியது.

வாசலில் வெள்ளை உடுப்பு. குனிந்த தலை. கையில் டேப்லெட்.

"இதை எடுங்க," என்றாள். "சிஸ்டர். எப்ப எடுப்பீங்க?"

"நாளைக்கு."

அவளுடைய குரல்.

தலை நிமிரவில்லை. விரல் மட்டும் இறங்கியது. ஒரே தட்டு.