காய்ந்த போரில் இறக்கிய எர்த்

ஊசியைத் தூக்கி வைத்த பிறகும் ஸ்பீக்கரில் சத்தம் நிற்கவில்லை. ரெக்கார்டு சுத்தவில்லை, பாட்டும் இல்லை. ஆனாலும் ரெண்டு மரப்பெட்டிக்குள்ளிருந்தும் உம்ம்மென்று ஒரு இரைச்சல், மாவு மில்லை ஒட்டின சுவரில் காதை வைத்தால் கேட்குமே அந்த மாதிரி, தரை வழியாக வந்து கட்டில் காலில் ஏறிக்கொண்டிருந்தது. கட்டிலில் கிடந்த கிருபாவதி பல்லை இறுக்கிக் கடித்துக்கொண்டாள். கஞ்சி ஸ்பூனோடு தாமஸின் கை அந்தரத்தில் நின்றது.

பக்கவாதத்தில் படுத்ததிலிருந்து அவர் மனைவி வாயைத் திறப்பது இந்த ஒரு ரெக்கார்டுக்குத்தான். கல்யாணமான புதுசில் போத்தனூர் கன்வென்ஷன் பந்தலில் வாங்கினது, எல்லாம் அவள் சர்ச்சில் பாடின கீர்த்தனைகள். பாட்டு ஓடினால் உதடு தானாக விரியும். அந்த நேரம் பார்த்து ஊட்டிவிட வேண்டும். இந்தப் பாழாய்ப்போன உறுமல் வந்த நாளிலிருந்து பாட்டு அதுக்கடியில் முங்கிப்போச்சு, அவளும் வாயைப் பூட்டிக்கொண்டாள்.

நாளைக்குக் காலையில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய் மூக்கு வழியாக டியூப் போடுவதாக ஏற்பாடு. மகன் ஸ்டீவ் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டே செய்த ஏற்பாடு. அவளுடைய அம்மா டியூப்போடு கிடந்து செத்ததைப் பார்த்துவிட்டு, எனக்கு மட்டும் அதைப் போட விட்றாதீங்க என்று கிருபாவதி கையைப் பிடித்துக் கேட்டிருந்தாள். இவரும் வாக்குக் கொடுத்திருந்தார். ஸ்டீவ் அனுப்பின ப்ளூடூத் ஸ்பீக்கரில் அதே பாட்டைப் போட்டும் பார்த்தாச்சு. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தக் குப்பையை எடைக்குப் போடுங்கப்பா என்றான் மகன் போனில். உன்னை எடைக்குப் போட்டா எவனும் வாங்கமாட்டான்டா என்று சொல்லிப் போனை வைத்தார்.

பிளக்கைத் திருப்பிக் குத்தினார். வயரை மாத்தினார். பிளேயரை ஆம்ப்ளிஃபயரிலிருந்து தள்ளி ஸ்டூலில் வைத்தார். ஆம்ப்ளிஃபயர் திருகை ரேடியோவுக்குத் திருப்பினால் பெட்டி அமைதி. பிளேயருக்குத் திருப்பினால்தான் உறுமல். ஊசிக்கம்பியை விரலால் தொட்டால் பாதி அடங்குது. அப்போ எர்த் இல்லை. போன மாசம் வீட்டு வயரிங்கை மாத்தின எலெக்ட்ரீசியன் மனோஜ்குமார் எர்த்தில் கைவரிசை காட்டிவிட்டான். வேறென்ன.

மத்தியானம் கூப்பிட்டதும் வந்தான். பின்பக்கத்து எர்த் குழியைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். கோடையில் குழி காய்ந்துவிட்டது, உப்பும் கரியும் போட்டு நாலு நாள் தண்ணி ஊத்தினால் சரியாகிவிடும் என்றான். நாலு நாள் எவனிடம் இருக்கிறது? தாமஸ் கொல்லையில் இருந்த செத்த போர்வெல்லைக் காட்டினார். ஆயிரம் அடிக்கு மேலே ஓட்டியும் வெறும் புழுதி வந்த போர். இரும்பு பைப்பு மேலே நீட்டிக்கொண்டிருக்க, வாயில் கல் வைத்து மூடியிருந்தது.

"காஞ்ச போர்ல எர்த் நிக்காதுங்க ஐயா. ஈரம் வேணுமுங்க."

"ஈரம் இல்லீன்னு நீ உள்ள எறங்கிப் பாத்தியா கண்ணு?"

டீயைக்கூடக் குடிக்காமல் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். போகட்டும். இன்னொரு குழி வெட்டினால்தானே அவனுக்கு இன்னொரு வேலை.

வயரிங் மிச்சத்தில் வெறும் செம்புக்கம்பி ஒரு சுருள் கிடந்தது. நுனியில் பெரிய நட்டு ஒன்றைக் கட்டினார். கல்லைப் புரட்டியதும் பைப்பிலிருந்து குளிர்ந்த காத்து முகத்தில் அடித்தது, அப்புறம் நின்றது, கொஞ்சம் பொறுத்து உள்பக்கமாக இழுத்தது. வெயில் மேற்கே சாய்ந்திருந்த நேரம், கொல்லையில் ஒரு காக்காகூட இல்லை. கம்பியை விட்டுக்கொண்டே இருந்தார். அடி தட்டவேயில்லை. சுருள் தீரப்போகும்போது கம்பி சட்டென்று தொய்ந்தது. மேலே கொஞ்சம் இழுத்துப் பார்த்தார்.

கீழேயிருந்து யாரோ இழுத்தார்கள். ஒரு தடவை. மெதுவாக.

கல்லில் மாட்டியிருக்கும், சனியன், என்று வாய்விட்டே திட்டினார். மறுநுனியை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து, ஆம்ப்ளிஃபயர் முதுகிலிருந்த எர்த் ஸ்க்ரூவில் சுத்தி முறுக்கினார்.

உறுமல் நின்றது.

அடங்கவில்லை, குறையவில்லை. அறுத்துப் போட்ட மாதிரி நின்றது. ஃபேன் சத்தம்கூடக் கேட்காத மாதிரி இருந்தது. ஈரம் வேணுமாம் ஈரம், பெரிய எலெக்ட்ரீசியன். ஊசியை இறக்கினார். பாட்டு கீறல்கூட இல்லாமல், கழுவி எடுத்த பாத்திரம் மாதிரி வந்தது.

கிருபாவதி வாயைத் திறந்தாள்.

தாமஸ் கஞ்சியை அள்ளினார். ஒரு ஸ்பூன். இன்னொன்று. இத்தனை நாள் என்னை என்ன பாடு படுத்திட்ட அம்மணி என்று ஏசிக்கொண்டே ஊட்டினார், கண்ணில் வழிந்ததைத் தோளில் துடைத்துக்கொண்டே ஊட்டினார், கிண்ணம் பாதிக்கு வந்தது, முக்காலும் தீர்ந்தது. நாளைக்கு அந்த ஆம்புலன்ஸ்காரனை வாசலோடு திருப்பி அனுப்பணும். ஸ்டீவுக்கு இப்பவே போன் போட்டு நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கணும்.

பாட்டு முடிந்தது. ஊசி கடைசிக் கோட்டில் டக், டக் என்று தட்டிக்கொண்டிருந்தது.

அவள் வாயை மூடவில்லை.

"போதுமா? இன்னுங் கொஞ்சம்?"

வாய் அப்படியே இருந்தது. அப்போதுதான் தொண்டையைப் பார்த்தார். அசையவில்லை. முதல் ஸ்பூனிலிருந்தே அது அசைந்ததாக ஞாபகமில்லை. கடைவாயில் ஒழுகல் இல்லை. நாக்கில் ஒரு பருக்கை இல்லை.

நாக்கே தெரியவில்லை.

குனிந்தார். வாயிலிருந்து அதே குளிர்ந்த காத்து வந்தது. நின்றது. உள்ளே இழுத்தது.

"முழுங்குடி." "முழுங்கித் தொலைடி."

மிச்சக் கஞ்சியைச் சாய்த்தார். காது கொடுத்தார். ஒன்றுமில்லை. வெகு நேரம் ஒன்றுமில்லை.

ஸ்பூனை இன்னும் உள்ளே நீட்டினார். ஸ்பூன் நழுவியது. உதட்டைத் தாண்டி உள்ளே போனது.

டங்.

இரும்பில் பட்ட சத்தம். அவளுக்குள்ளே. கீழே.

டங். இன்னும் கீழே.

கிருபாவதியின் கண் இமைக்காமல் அவரையே பார்த்தது. ஸ்பூன் விழுந்துகொண்டே இருந்தது. வாய் இன்னும் கொஞ்சம் விரிந்தது.