ரோசரி கேட்ட பங்கு

"அப்பாவோட சாமான்ல எனக்கும் ஒரு பங்கு வேணும்."

ரோசரி இப்படிக் கேட்டதும் கூடத்தில் இருந்தவர்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா லூர்துராணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். முந்தின நாளே அவள் மகளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "பெரியவங்க பிரிக்கிறப்ப குறுக்க பேசாதே. பொம்பளப் புள்ள பங்குன்னு வாயத் திறக்கவே கூடாது."

ரோசரிக்கு வயது பதினொன்று. அன்று காலையில்தான் அப்பா அமிர்தராஜுக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்திருந்தது. கோயிலிலிருந்து வந்த கையோடு பெரியப்பா அடைக்கலராஜ் சாமான்களைக் கூடத்தில் பரப்பிவிட்டார். வீடும் அதைச் சுற்றியிருந்த தென்னந்தோப்பும் தாத்தா பெயரில் இருந்தவை. இனி அவை பெரியப்பாவுக்கு. அம்மாவும் ரோசரியும் அன்று மாலையே லால்குடியில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போகிறார்கள். இதையெல்லாம் அவர்களைக் கேட்காமலே முடிவு செய்திருந்தார்கள்.

"பங்கா?" பெரியப்பா சிரித்தார். "சரி, என்ன வேணும்? ரேடியோவா?"

"அது போன வருஷ வெள்ளத்துலயே முழுகிப் போச்சு பெரியப்பா. பாடாது. எனக்குத் தேனீப் பெட்டிதான் வேணும்."

போன வருஷம் கொள்ளிடம் கரை மீறி வந்தபோது, அப்பா ரேடியோவை விட்டுவிட்டு அந்தப் பெட்டியைத்தான் பக்கத்து வீட்டு மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். அதற்காக ஊரே அவரைக் கேலி செய்தது. அவர் கவலைப்படவில்லை. தேனீக்களைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது அவருக்கு உயிர். சின்னக் கண்ணாடிப் பெட்டியில் ஒரே ஒரு தேனடையைத் தேனீக்களோடு வைத்து, அதை மடியில் ஏந்திக்கொண்டு பஸ்ஸில் போவார். சத்திரம் பஸ் நிலையத்துக் கண்டக்டர்கள் அவரை 'தேனீ சார்' என்பார்கள். அவரைச் சுற்றி எப்போதும் நாலு சீட் காலியாக இருக்கும்.

எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும், "தேனீன்னா யாருக்கெல்லாம் பயம்?" என்றுதான் தொடங்குவார். கை தூக்கிய பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வைப்பார்.

"பெட்டி இங்கயே இருக்கட்டும்," என்றார் பெரியப்பா. "காத்தானை வரச் சொல்லியிருக்கேன். பொழுது சாஞ்சதும் பந்தம் கொளுத்தி, தேனை அழிச்சுக் குடுத்துடுவான். உங்கம்மாவுக்கும் ஒரு பாட்டில் தரேன்."

தேன் எடுப்பதைத் தேன் அழிப்பது என்றுதான் அந்தப் பக்கத்தில் எல்லாரும் சொல்வார்கள். அப்பாவுக்கு மட்டும் அந்தச் சொல் ஆகாது. வகுப்பில் எந்தப் பிள்ளையாவது அப்படிச் சொன்னால், "அழிக்கக் கூடாது தம்பி, எடுக்கணும். மேல் அடுக்குத் தேன் நமக்கு. கீழ் அடுக்கு அதுங்களுக்கு. மழைக்காலத்துல பூ கிடைக்காது, அப்போ அதுங்க எதைச் சாப்பிடும்?" என்று கேட்பார்.

"அழிக்கிறதுக்கா அப்பா வளர்த்தாங்க?" என்றாள் ரோசரி. அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

"பெரிய மனுஷி மாதிரி பேசாதே. காத்தான் எதுக்கு? இப்பவே நான் அழிக்கிறேன், பாரு."

பெரியப்பா விறுவிறுவென்று தோப்புக்குள் போனார். மாமரத்து நிழலில் இருந்த பெட்டியின் மூடியைப் படாரென்று திறந்தார். உள்ளே ஒரே கூட்டம். அதைப் பார்த்து மலைத்தவர், பெரிய வீரர் போல, "ஊஃப்" என்று ஊதினார்.

தேனீக்கு மூச்சுக் காற்று ஆகவே ஆகாது. அடுத்த நொடி ஒன்று அவர் உதட்டில் கொட்டியது. இன்னொன்று காதில். அவர் கையை வீசிக்கொண்டு கத்தினார். கத்தக் கத்த மூச்சு வந்தது. மூச்சு வர வர இன்னும் தேனீக்கள் வந்தன.

ரோசரி ஓடினாள். பாதி வழியில் தன் மூச்சும் புஸ்புஸ்ஸென்று வருவது தெரிந்தது. கோபமாக இருக்கும்போது பெட்டிப் பக்கம் போகாதே என்று அப்பா சொல்லியிருந்தார். அவள் நின்றாள். வாயை மூடி, மூக்கால் மெதுவாக மூச்சு விட்டாள். அப்புறம்தான் கிட்டே போனாள்.

"வாயை மூடுங்க பெரியப்பா."

"என்னடி சொன்ன?"

"வாயை மூடுங்க. மூக்கால மூச்சு விடுங்க. கையை ஆட்டாம மெதுவா பின்னால போங்க."

பெரியப்பா அதுவரை யார் சொல்லியும் வாயை மூடியதில்லை. அன்று மூடினார்.

ரோசரி ஒரு தேனீகூட நசுங்காமல் மூடியைச் சாய்த்துச் சாய்த்து வைத்தாள். பிறகு பெரியப்பாவைக் கூடத்தில் உட்கார வைத்து, கொடுக்குகளை நகத்தால் வழித்து எடுத்தாள். கிள்ளி எடுத்தால் இருக்கிற விஷமும் உள்ளே இறங்கிவிடும். அம்மா ஈரத்துணி கொண்டுவந்து கொடுத்தாள்.

"சனியன்," என்றார் பெரியப்பா, வீங்கிய உதட்டோடு. "எடுத்துட்டுப் போ. இப்பவே எடுத்துட்டுப் போ."

"இப்ப முடியாது. வேலைக்குப் போனவங்க வரணும்."

"யாரு?"

"பூவுக்குப் போன தேனீங்க. இப்ப பெட்டியைத் தூக்கினா அதுங்க வந்து வீட்டைத் தேடும். வீடு இல்லாமப் போறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

பெரியப்பா வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ரோசரி சாயங்காலம் வரை மாமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். தேனீக்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. கால்களில் மஞ்சள் மகரந்தத்தைச் சுமந்துகொண்டு கடைசியாக ஒன்று வந்தது. அதுவும் உள்ளே போன பிறகு, பெட்டியின் வாசலைக் கொசுவலைத் துணியால் அடைத்து, மூடி நகராமல் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள்.

"லால்குடியில இதை எங்க வைப்ப?" என்று மெதுவாகக் கேட்டார் பெரியப்பா. "உங்க மாமன் வீட்டுல கோழிக்கே இடமில்ல."

"பள்ளிக்கூடத்துல, முருங்கை மரத்துக்குக் கீழ. போன வாரம் அம்மா என்னை அங்க சேர்க்கப் போனப்பவே சுராயா டீச்சர்கிட்ட கேட்டுட்டேன். சரின்னுட்டாங்க."

அம்மா திடுக்கிட்டு அவளைப் பார்த்தாள். "எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொன்னா கேக்காதேன்னுதான் சொல்லுவீங்க."

அம்மா தன் பழைய புடவைத் துணியைச் சுருட்டிச் சும்மாடு செய்தாள். அதை மகளின் தலையில் வைத்து, பெட்டியைத் தானே தூக்கி ஏற்றிவிட்டாள். அப்புறம் டிரங்குப் பெட்டியை இடுப்பில் எடுத்துக்கொண்டாள்.

"நாளன்னைக்கு அந்தப் பள்ளிக்கூடத்துல நாலாம் வகுப்புக்குத் தேனீப் பாடம் இருக்கு," என்றாள் ரோசரி. "அப்பா முன்னாடியே ஒத்துக்கிட்டது."

"அமிர்தராஜ்தான் இல்லையே. பாடம் யாரு எடுக்கிறது?" என்று கேட்டார் பெரியப்பா.

"நான்தான்."

தலைக்கு மேல் பெட்டி மெல்ல ரீங்கரித்தது. ரோசரி வாயை மூடி, மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு, பெட்டி ஆடாமல் படியிறங்கி நடந்தாள்.