வெளியிலிருந்து வருபவர்களுக்கு மட்டும்

குடும்பங்கள் கூடி விருந்துண்ணும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறை முடிந்த திங்கட்கிழமை காலை. டுலூத் ஏரி ஆய்வு மையத்தில், ஆல்மாவின் அறைக்குள் நேட் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றான்.

"ஆல்மா, வெளியிலேர்ந்து சர்வர்ல லாகின் பண்ற யாராலயும் வேலை செய்ய முடியல. இதுக்கு மேல எந்த புரோகிராமும் ஓட்ட முடியாதுன்னு விரட்டுது. ஆளுக்கு எத்தனை புரோகிராம் ஓடலாம்னு வரம்பு வைக்கிற ஃபைல்ல பழைய வரிகளைப் போன வாரம் நான்தான் நீக்கினேன். ரஸ்ஸல் என்னை வேலையை விட்டுத் தூக்கப் போறாராம்."

"சர்வர் முன்னாடியே உட்கார்ந்து லாகின் பண்ணிப் பார்த்தியா?"

"பார்த்தேன். அங்க நல்லா ஓடுது. ஹேக்கர் வேலையா இருக்குமோ?"

"முதல்ல கோட்டைக் கழட்டு, ஹேக்கர் ஓடிட மாட்டான். ரெண்டு வழிக்கும் அதே ஃபைல்தானே? அது தப்புன்னா ரெண்டுமே நின்னிருக்கணும்."

வெளியிலிருந்து வருபவர்களை உள்ளே விடும் லாகின் சர்வீஸை ஆல்மா தன் ஸ்கிரீனில் பார்த்தாள். அதன் வரம்பு வெறும் இருபது. அது தொடங்கியது வியாழன் மதியம், விடுமுறை நாளில். அவள் விரல்கள் ஒரு கணம் தயங்கின.

"கட்டுக்கடங்காம பெருகுற புரோகிராம் ஒண்ணை யாரோ சோதிக்கறதா சொன்னியே?"

"ரஸ்ஸல்தான்."

ரஸ்ஸலின் அறையில், நேட் பின்னால் நிற்க, ஆல்மா குரலை உயர்த்தாமல் சொன்னாள். "சோதனைக்காக, நீங்க கட்டளை அடிக்கிற விண்டோவுக்கு இருபதுன்னு வரம்பு போட்டீங்க. அதே விண்டோலேர்ந்து லாகின் சர்வீஸையும் கையாலயே கிளப்பினீங்க."

"எப்பவும் அப்படித்தான் கிளப்பறேன். அதுக்கென்ன?"

"கிளப்பினவர் வரம்போடதான் அது பிறக்கும். அது வழியா வர்றவங்களுக்கும் அதுவேதான். முன்னாடி ஃபைல்ல இருந்த வரிகள் லாகின் ஆனதும் வேற வரம்பு போட்டு அதை மறைச்சிட்டிருந்தது; நேட் நீக்கினதும் வெளிய வந்துடுச்சு. சிஸ்டம்கிட்ட சொல்லிக் கிளப்பியிருந்தா இது வந்திருக்காது."

ரஸ்ஸல் தாடையைத் தடவினார். "நேட், வேலையை விட்டுத் தூக்கறதா நான் சொன்னதை மறந்துடு. போய் சிஸ்டம் மூலமாவே கிளப்பு."

நேட் ஓடினான். கதவு மூடியதும் ரஸ்ஸல் சொன்னார்:

"வீட்ல இருக்கப் பிடிக்காம அன்னிக்கு இங்க வந்தேன். யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன்."

"அன்னிக்குக் காலையிலேர்ந்தே வீட்லேர்ந்து நானும் லாகின் பண்ணியிருந்தேன். உள்ள யார் இருக்காங்கன்னு பார்த்தேன். ரெண்டே பேர்தான்."

ரஸ்ஸல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "என் ஸ்கிரீனுக்கு ஒரு ஹலோ அனுப்பியிருக்கலாமே."

"டைப் அடிச்சேன்," என்றாள் ஆல்மா. "என்டரைத் தட்டல."