கொக்கியில் தொங்கிய வாசம்

திங்கட்கிழமை காலை 7.35. பூசை முடிந்து வீடு திரும்பிய சூசையம்மாள், வழக்கம்போல் சமையலறைப் பின்கதவருகே கொக்கியில் தொங்கிய கருநீல நைலான் ஜாக்கெட்டில் முகத்தைப் புதைத்தாள். சட்டென்று விலகினாள். மறுபடியும் புதைத்துப் பார்த்தாள்.

ஜாக்கெட் இருந்தது. கணவர் ஆலனின் வாசம் இல்லை. சவர்க்காரம் மணத்தது.

அவர் இறந்து எட்டு மாதம். அந்த ஜாக்கெட்டை யாரும் தொடக் கூடாது என்பதுதான் அன்றிலிருந்து அந்த வீட்டுச் சட்டம். யாரோ அதைத் துவைத்திருந்தார்கள்.

சனிக்கிழமை காலை 8.40. ஜொகூரின் கெலாங் பாத்தாவில், சூசையம்மாளின் வரிசை வீட்டின் முன்னால் தனலெட்சுமி தன் வேனை நிறுத்தினாள். பன்னிரண்டு வருடமாகத் தனியாக வாஷிங் மெஷினும் டிரையரும் பழுது பார்க்கிறாள். கூப்பிட்டது மருமகள் லோஷினி. டிரையரின் டிரம் சுற்றுகிறது, சூடு வரவில்லை. டிசம்பர் மழையில் வீடெங்கும் ஈரத்துணி.

கார் நிறுத்தும் இடத்தில் உறை போட்ட மோட்டார் சைக்கிள் ஒன்று நின்றது. குடையை மடக்குவதற்காகத் தனலெட்சுமி கருவிப்பெட்டியைக் கீழே வைத்து, முழங்காலை அதன் முன்சக்கரத்தில் முட்டுக்கொடுத்தாள். சக்கரம் கல்லாக இருந்தது.

"அந்த மோட்டார தொடாதம்மா. அவரு போனதுலேர்ந்து யாரும் எடுக்கல" என்றாள் வாசலில் நின்ற சூசையம்மாள். அவள் காலடியில் ஒரு துணிப்பை, கட்டி முடித்துத் தயாராக இருந்தது.

பதினொரு மணிக்கு யோங் பெங்கிலிருந்து தங்கை மகன் காரில் வருகிறான். அவனோடு போய்விடப் போகிறாள். எத்தனை நாளைக்கு என்று தனலெட்சுமி மரியாதைக்குக் கேட்டாள். திரும்பி வரும் எண்ணம் இல்லை என்றாள் சூசையம்மாள்.

9.00. டிரையர் சமையலறைக்குப் பின்னால் இருந்தது. அதன் மேல் ஒரு பிஸ்கட் டின். உள்ளே சில்லறை, நனையாத டிஷ்யூ, ஒரு திருகாணி.

"பாக்கெட்ல கிடைச்சதெல்லாம் அக்கா" என்றாள் லோஷினி. "ஒவ்வொரு பாக்கெட்டையும் வெளிய இழுத்துப் பார்க்காம நான் எதையும் மெஷின்ல போடமாட்டேன். ஒருதடவ பேனா ஒன்னு உள்ள போயி எல்லாச் சட்டையும் ஊதா ஆயிருச்சு."

ஃபில்டர்? காய்ந்த துணியை எடுத்த கையோடு அதையும் சுத்தம் செய்துவிடுவாளாம். கடைசியாக ஞாயிற்றுக்கிழமை செய்தாள். செவ்வாய்க்கிழமை துணி போட்டாள், சூடு வரவில்லை, பத்து நிமிடத்தில் நிறுத்திவிட்டாள்.

தனலெட்சுமி ஃபில்டரை உருவினாள். துணி காயவைத்த டிரையரில் சாதாரணமாக மெத்தென்று படிந்திருக்கும் பஞ்சுத்தூசி அதில் இல்லை. அதற்குப் பதில் சின்னச் சின்ன வெள்ளைக் காகித உருண்டைகள். சிலவற்றில் அச்சு மையின் நீலம். ஒன்றைக் கசக்கிப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள்.

பின்பலகையைக் கழற்றினாள். வெளிக்காற்றுக் குழாய் நசுங்கவில்லை, அடைப்பும் இல்லை. வெப்பப் பியூஸின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தாள். முள் அசையவில்லை. சூடு அளவு மீறினால் வீட்டைக் காப்பாற்றத் தன்னைக் கொடுத்துவிடும் சின்ன வெள்ளைத் துண்டு அது. ஒரு தடவைதான். புதிது போட ஐந்து நிமிடம் போதும். ஆனால் குழாய் திறந்திருக்க, அது ஏன் போயிற்று என்று தெரியாமல் மாற்றினால் அடுத்ததும் போகும்.

"திங்கட்கிழமை இதுல என்ன போட்டீங்க?"

"நான் ஒன்னும் போடலக்கா." லோஷினி தரையைப் பார்த்தாள். "நான் துவைக்கல. ஒருதடவ சொல்லிட்டேன். திரும்பத் திரும்பச் சொல்ல முடியாது."

அப்போதுதான் ஜாக்கெட்டின் கதை வந்தது. அதைச் சொன்னது சூசையம்மாள், சமையலறை வாசலில் நின்றபடி, மருமகளைப் பார்க்காமல்.

ஆலன் முப்பத்தொரு வருடம் இரண்டாம் பாலம் தாண்டி சிங்கப்பூரின் துவாஸில் வேலை செய்தவர். கடைசி நாள் பாலத்தைக் கடந்து வந்து, மோட்டாரை ஓரமாக நிறுத்தி, ஸ்டாண்டும் போட்டுவிட்டு, தடுப்பில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். எழுந்திருக்கவில்லை. இதயம். ஆஸ்பத்திரியில் ஜாக்கெட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள்.

"மோட்டார் ஓட்டுற எல்லாரும் மாதிரிதான், முன்பக்கத்தப் பின்னால போட்டுக்குவாரு, நெஞ்சுல காத்து அடிக்கக் கூடாதுன்னு. நான் பிடிச்சிக்கிட்டு நிப்பேன், கைய நீட்டி உள்ள விட்டுக்குவாரு. முப்பத்தோரு வருசம்." சற்று நிறுத்தினாள். "செத்தவங்க துணிய வீட்டுல வெச்சிருக்கக் கூடாது அத்தைன்னு இவதான் சொன்னா. இவங்க பக்கம் அப்படியாம்."

லோஷினி பிஸ்கட் டின்னை மூடி ஓரமாக நகர்த்தினாள்.

தனலெட்சுமி ஜாக்கெட்டைப் பார்க்கக் கேட்டாள். துணிப்பையின் அடியிலிருந்து அது வந்தது. முதுகுப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பளபளப்பு. நைலான் இளகி இறுகிய தடம். அதில் வரிசை வரிசையாகச் சிறு வட்டங்கள். அவள் அந்த இடத்தை டிரையர் வாய்க்குள் இருந்த காற்றுச் சல்லடைமேல் வைத்தாள். வட்டத்துக்கு வட்டம் பொருந்தியது.

பியூஸ் போன காரணம் கிடைத்துவிட்டது. காற்றுப் புகாத நைலான். தனியாக, முழுச் சூட்டில். சல்லடையில் ஒட்டிக்கொண்டு மூச்சை அடைத்திருக்கிறது.

பிறகு பாக்கெட்டுக்குள் விரல் விட்டாள். காய்ந்து கட்டியான காகிதக் கூழ். ஃபில்டரில் இருந்த அதே நீலம்.

"ஆன்ட்டி, இதுல ஏதாச்சும் இருந்துச்சா?"

சூசையம்மாள் கை நீட்டி வாங்கிக்கொண்டாள். முப்பதாம் நாள் பூசையில் கொடுத்த நினைவு அட்டை. நீலப் பின்னணியில் ஆலனின் படம். அவள்தான் அதைப் பாக்கெட்டில் வைத்தாள். முகம் இருந்த இடத்தை விரலால் தேடினாள். முகம் இல்லை.

9.50. மகன் டெஸ்மண்ட் குளித்துவிட்டு வந்தான். முப்பது வயது, அப்பா வேலை செய்த அதே பக்கம் இரவு வேலை. அம்மா ஆறு மணிப் பூசைக்கு எழுவதற்கு முன்பே தினமும் வீடு வந்து சேர்வான். இரவு எட்டு மணிக்கே தூக்க மாத்திரை போட்டுப் படுக்கும் அம்மாவுக்கு அவன் போவதும் தெரியாது.

"வேலைக்கு எதுல போறீங்க?" என்றாள் தனலெட்சுமி, புதுப் பியூஸைத் திருகிக்கொண்டே.

"கம்பெனி வேன்."

"முச்சந்தி வரைக்கும் வந்து ஏத்திக்குது" என்றாள் சூசையம்மாள். "மோட்டார்ல பாலம் தாண்டமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கான். அப்பாவோட சவப்பெட்டி மேல கை வெச்சு."

"திங்கக்கிழமை நல்ல மழை இல்ல?"

"வேன்ல போறவனுக்கு மழை என்ன, வெயில் என்ன லா" என்றான் டெஸ்மண்ட். சிரிக்க முயன்றான்.

லோஷினி சிரிக்கவில்லை. அவள் கணவனைப் பார்த்த பார்வையைத் தனலெட்சுமி பார்த்துவிட்டாள்.

10.15. திருகுகளை எல்லாம் முடுக்கியாயிற்று. தனலெட்சுமி எழுந்திருக்கவில்லை. டிரையரின் பின்னால் குந்தியபடி இருந்தாள்.

அவளுக்கு ஒரு கணக்குத் தெரியும். அவள் கணவன் சுகுமாறனும் பாலம் தாண்டி வேலைக்குப் போனவன்தான். ஏழு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை அவன் திரும்பி வரவில்லை. அங்கே அவனுக்கு வேறொரு வீடு இருந்தது என்பது பிறகு தெரிந்தது. அவன் தலையணை உறையை அவள் மாற்றவில்லை. தினமும் முகர்ந்தாள். ஜொகூரின் ஈரக்காற்றில் ஒரு மனிதனின் வாசம் பதினெட்டு நாள் இருந்தது. பத்தொன்பதாம் நாள் அது வெறும் பூஞ்சைத் துணி. அதன் பிறகும் நெடுநாள் முகர்ந்துகொண்டுதான் இருந்தாள்.

இந்த ஜாக்கெட்டில் எட்டு மாதம் எப்படி இருந்தது?

விடை தெரிந்தபோது அவளுக்கு மகிழ்ச்சி வரவில்லை. சொல்லாமல் போனால், துவைக்காதவள் மேல் பழி நிற்கும், வயதான ஒருத்தி பதினொரு மணிக்குக் காரில் ஏறிவிடுவாள். சொன்னால், எட்டு மாதக் காலைகளை அவளிடமிருந்து பிடுங்க வேண்டும். தனக்கு யாராவது அப்படிச் செய்திருந்தால் மன்னித்திருப்போமா என்று யோசித்தாள். வாசலில் துணிப்பை தெரிந்தது.

10.40. சாப்பாட்டு மேசையில் வீட்டார் மூவரும் உட்கார்ந்தார்கள். தனலெட்சுமி ஃபில்டர் காகிதத்தை நடுவில் வைத்தாள்.

"உங்க மருமக துவைக்கல ஆன்ட்டி. அவங்க கைல போயிருந்தா இந்த அட்டை அந்த டின்ல இருந்திருக்கும். இத துவைச்சவருக்குப் பாக்கெட் இருக்கிறதே ஞாபகம் வரல. ஜாக்கெட்டத் திருப்பிப் போடுறவங்களுக்குப் பாக்கெட் முதுகுக்குப் பின்னால போயிரும். அவங்க அதுல எதுவும் வைக்கமாட்டாங்க, தேடவும் மாட்டாங்க."

தனலெட்சுமி வாசல் பக்கம் கை காட்டினாள்.

"எட்டு மாசம் நின்ன மோட்டார்ல காத்து இறங்கிப்போயிருக்கணும். முழங்கால் வெச்சேன், கல்லு மாதிரி இருக்கு." அவள் டெஸ்மண்டைப் பார்த்தாள். "திங்கக்கிழமை என்ன ஆச்சு தம்பி?"

அவன் ஃபில்டர் காகிதத்தை விரலால் நகர்த்தினான். பக்கத்தில் ஒரு லாரி தாண்டிப் போனது, என்றான். உடம்பு முழுக்கச் சேறு. அம்மா பூசையிலிருந்து வருவதற்குள் காயவைத்து மாட்ட வேண்டியிருந்தது. எவ்வளவு சூடு வைப்பது என்று தெரியவில்லை.

"எத்தனை நாளா?" என்றாள் சூசையம்மாள்.

"முப்பதாம் நாள் பூச முடிஞ்ச வாரத்துலேர்ந்து." குரல் இறங்கியது. "வேன்ல எல்லாரும் தூங்குவாங்கம்மா. என்னால முடியல. அப்பா உட்கார்ந்த இடத்துல தினமும் கொஞ்ச நேரம் நிறுத்துவேன். அவ்வளவுதான். லோஷி வேணாம்னு சொல்லிக்கிட்டேதான் இருந்தா."

சூசையம்மாள் மருமகளைப் பார்த்தாள். ஐந்து நாளில் முதல் தடவையாக.

"உனக்குத் தெரியும். அப்புறம் ஏன் நான் பேசினதயெல்லாம் வாங்கிக்கிட்ட?"

"அவர் சத்தியத்த மீறினது தெரிஞ்சா உங்களுக்கு இன்னும் வலிக்கும் அத்தை."

சூசையம்மாள் ஜாக்கெட்டை மடியில் இழுத்துக்கொண்டாள். அடுத்த கேள்வி வரும் என்று தனலெட்சுமி காத்திருந்தாள். வந்தது, மெல்ல.

"அப்போ நான் தினமும் மோந்து பார்த்தது..."

தனலெட்சுமிதான் சொன்னாள். "ஒரு மாசம் அவரோடது இருந்திருக்கலாம் ஆன்ட்டி. அதுக்கு மேல இருக்காது. எனக்குத் தெரியும்."

அந்தக் கடைசி இரண்டு சொல்லில் என்ன கேட்டதோ, சூசையம்மாள் அவளைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து மகனிடம் போனாள். அவன் அடிக்குப் பயந்தவன்போல் தோளைக் குறுக்கினான். அவள் குனிந்து அவன் கழுத்தோரம் முகத்தை வைத்தாள். குளித்து ஒரு மணி நேரம்தான் ஆன உடம்பு. இருந்தும் அங்கேயே நின்றாள்.

"அதே வாசந்தான்" என்றாள்.

11.00. வெளியே கார் ஹார்ன் அடித்தது. லோஷினி எழுந்து போய், தங்கை மகனை உள்ளே வந்து தேநீர் குடிக்கச் சொன்னாள். துணிப்பை வாசலிலிருந்து உள்ளே வந்தது.

தனலெட்சுமி ஈரத்துணியை டிரம்மில் போட்டு, பொத்தானை அழுத்தி, வெளிக்குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்தாள். முதலில் குளிர்ந்த காற்று. அவள் பொறுத்திருந்தாள். மெதுவாகச் சூடு வந்தது. கையை எடுக்க வேண்டிய நேரம் கடந்தும் எடுக்காமல் நின்றாள்.

திரும்பியபோது பின்கதவருகே சூசையம்மாள் இரண்டு கையாலும் ஜாக்கெட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள், திறந்த பக்கம் மகனை நோக்கி இருக்க.

"கைய நீட்டு" என்றாள்.

"இப்பவாம்மா? ராத்திரிதானே வேலை."

"ராத்திரி நான் தூங்கிருவேன்."

டெஸ்மண்ட் கைகளை முன்னால் நீட்டினான்.