ஒதுக்கி வைத்த புகார்

பக்கத்து அறையில் அம்மா “சரிங்க” என்று சொன்னது அவள் காதில் விழுந்தது. மத்தியானம் மூன்று மணி. நர்ஸ் அம்மாவுக்குச் சாப்பாடு ஊட்டிவிட்டுக் கிளம்பி வெகுநேரமாகிவிட்டது. வீட்டில் அம்மாவும் அவளும்தான். அவளை அம்மா வாடி, போடி என்றுதான் கூப்பிடுவாள். பிறந்ததிலிருந்து ஒருநாளும் ‘ங்க’ போட்டதில்லை.

தூக்கத்தில் உளறுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள். எழுந்துபோய்ப் பார்க்க உடம்பில் தெம்பில்லை.

மென்பொருள்களில் இருக்கும் ஓட்டைகளை எல்லாரும் பார்க்கும்படி வெளியிடும் பொதுப் பதிவேட்டில் அவளுக்கு வேலை, வீட்டிலிருந்தபடியே. வரும் புகாரைப் படித்து, நிஜம்தானா என்று பார்த்து, எண் கொடுத்து, ஆபத்துக்கு ஏற்பப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட வேண்டும். எண் விழுந்தால்தான் கம்பெனிக்காரன் அசைவான். வரிசையில் பதினோராயிரம் புகார்கள். ஒன்றை முடித்தால் மூன்று முளைத்தன. மின்விசிறியின் கடகடப்பு, திரைச்சீலை வழியே கசியும் பழுப்பு வெளிச்சம், அம்மா அறையிலிருந்து வரும் கிருமிநாசினியும் பவுடரும் கலந்த வாடை, இவற்றின் நடுவே உட்கார்ந்து உட்கார்ந்து அவள் முதுகு மரத்துப்போயிருந்தது.

அடுத்த புகாரைத் திறந்தாள். நான்கு மாதம் பழையது. ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று ஒதுக்கியவளும் அவளேதான்.

படுக்கை நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் கேமரா. பாஸ்வேர்டே இல்லாமல் வெளியாள் யாரும் நுழையலாம். பார்க்கலாம், கேட்கலாம், பேசவும் செய்யலாம். கீழே படம்: வெள்ளையாக, முட்டை வடிவில்.

அம்மா அறை அலமாரியின் மேல் இருப்பதும் அதுதான்.

புகார் எழுதியவர் மூன்று முறை நினைவூட்டியிருந்தார். முதல் இரண்டும் மரியாதையான கடிதங்கள். மூன்றாவது வேறு மாதிரி இருந்தது.

‘சோதித்துப் பார்க்க எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் எனக்கு முன்னாலேயே அங்கே ஒரு குரல் இருக்கிறது. எல்லா வீட்டிலும் ஒரே குரல். ஒரே கேள்வி. தயவுசெய்து சீக்கிரம் வெளியிடுங்கள்.’

அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒன்றுமில்லை.

கேமராவை வாங்கி மாட்டியது அண்ணன். போன் போட்டாள்.

“அண்ணா, இப்ப நீ அம்மாகிட்ட கேமரால பேசினியா?”

“நானா? அந்த பாஸ்வேர்ட் மறந்தே ரெண்டு மாசமாச்சு. ஏன், அம்மா என்னைக் கேட்டாங்களா?”

“இல்ல… வேற யாருகிட்டயோ பேசுறாங்க.”

“வயசாச்சுல்ல. நீ கொஞ்சம் தூங்கு. உன் குரலே சரியில்ல.”

போனை வைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குரல். தணிந்த குரல். ஆணா பெண்ணா என்று பிடிபடவில்லை. பொறுமையாக, பழகிய ஆள் மாதிரி, கேட்டது.

“பக்கத்துல வரட்டுமா?”

“வாங்களேன். எத்தனை நாளா கேட்டுட்டே இருக்கீங்க, பாவம்.”

அம்மாவேதான்.

ஓடினாள். நாற்காலி சாய்ந்து விழுந்தது. அலமாரி மேல் பச்சை விளக்கு எரிந்தது. எட்டி வயரைப் பிடுங்கினாள். விளக்கு அணைந்தது. கேமராவைத் திருப்பிச் சுவரைப் பார்க்க வைத்தாள்.

நிசப்தம். மின்விசிறி மட்டும்.

“அதை ஏன்டி பிடுங்குற?” அம்மாவின் குரலில் எரிச்சல்கூட இல்லை, அலுப்புதான். “அவங்க இப்ப அதுல இல்ல.”

திரும்பினாள்.

இரண்டு வருஷமாக ஆள் பிடிக்காமல் ஒருக்களிக்கக்கூட முடியாத அம்மா, சுவரோரமாக நகர்ந்து படுத்திருந்தாள். தானாகவே. போர்வையின் ஒரு பாதியை விலக்கி வைத்திருந்தாள். தலையணையில் பாதி இடம் காலி.

“அம்மா…”

“சத்தம் போடாதடி. களைச்சுப்போய் வந்திருக்காங்க.”

கட்டில் முனகியது. அம்மாவின் பக்கத்தில், காலியாக இருந்த இடத்தில், மெத்தை மெல்ல அமுங்கியது. முதலில் இடுப்பு படும் இடம். பிறகு தோள். கடைசியில் தலையணையில் ஒரு குழி.

போர்வை தானாக மேலே ஏறியது.