அச்சில் ஏறாத சரணம்

பாடகி, இசையமைப்பாளரான தன் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பிற்பகல் மூன்று மணி. மழைக்காக சன்னல்களையெல்லாம் சாத்தியிருந்தார்கள். கூடம் முழுக்க ஈர மரத்தின் வாடை. பியானோவின் மேல் புதிதாக அச்சான இசைத்தாள் கிடந்தது. தலைப்பு 'தாலாட்டு'. அதன் கீழே கொட்டை எழுத்தில் அண்ணனின் பெயர்.

"நாட்டுப்புற மெட்டுன்னாவது போட்டிருக்கலாமேண்ணா."

"யாரு கேக்கப் போறா? கேட்டவளும் போய்ச் சேந்துட்டா."

கேட்டவள், அவர்கள் இருவரையும் வளர்த்த ஆயா. இவர்களைத் தூங்கவைத்துக்கொண்டிருந்த ஒரு நாளில்தான் அவளுடைய சொந்தக் குழந்தை, பூட்டிய வீட்டுக்குள், காய்ச்சலில் கண்ணை மூடியது. அதன் பிறகு அவள் வாயில் இந்த ஒரு மெட்டைத் தவிர வேறு பாட்டு வந்ததில்லை.

போன மாதம் வாசலில் வந்து நின்றாள். "பாட்டை நீயே வச்சுக்க தம்பி. என் புள்ள பேரை மட்டும் ஒரு ஓரமாப் போடு."

அண்ணன் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினான். பாடகியும் உள்ளேதான் இருந்தாள். வாயைத் திறக்கவில்லை. பத்தே நாளில் ஆயா இறந்துபோனாள்.

அண்ணன் வாசித்தான். தங்கை பாடினாள். இரண்டாவது சரணத்தோடு பாட்டு முடிந்தது.

ஆனால் நிற்கவில்லை.

அவள் தோளுக்குப் பின்னாலிருந்து, தேய்ந்த குரல் ஒன்று மூன்றாவது சரணத்தை எடுத்தது. புளித்த பாலின் வாடை குப்பென்று அடித்தது.

"நீதானே பாடுற?" அண்ணன் கிசுகிசுத்தான்.

"நான் இல்லண்ணா. கையை எடு!"

"எடுக்க முடியலடி..."

அவன் எழுதாத சுரங்களை அவன் விரல்கள் வாசித்துக்கொண்டிருந்தன. அடிக்கு அடி இமைகள் இறங்கின. பிடித்து உலுக்கினாள். கன்னத்தில் அறைந்தாள்.

கடைசி அடியில் ஒரு பெயர் வந்தது. அதே நொடியில் அவன் தலை பியானோ கட்டைகளின் மேல் விழுந்தது. கட்டைகளின் அலறலில் பெயர் அமுங்கிப் போயிற்று.

ஆஸ்பத்திரியில் சேர்த்தும் அவன் விழிக்கவே இல்லை. "உடம்புல ஒரு குறையும் இல்லம்மா. தூங்குறார், அவ்வளவுதான்" என்று டாக்டர் கையை விரித்தார்.

அந்தப் பெயரை அச்சில் போட்டுவிட்டால் எழுந்துவிடுவான் என்று நம்பி, ஆயா குடியிருந்த தெருவுக்கு ஓடினாள் பாடகி. வீடு வீடாகக் கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"குழந்தை பேரா? அந்தம்மா பேரே எங்களுக்குத் தெரியாது. ஆயான்னுதான் கூப்பிடுவோம். அவங்க தூக்கி வளத்த புள்ளைங்க நீங்க. உங்களுக்கே தெரியாதா?"



ஆறாம் நாள் காலை, வார்டு வாசலில் நர்ஸ் எதிர்ப்பட்டாள். "உங்கம்மா என்னமாப் பாடுறாங்க! இவ்வளவு நேரம் இங்கதான் இருந்தாங்க."

"எங்களுக்கு அம்மா இல்லியே சிஸ்டர்."

நர்ஸின் முகம் வெளிறியது. பாடகி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

தூங்கும் அண்ணனைத் தவிர அறையில் ஈ காக்கை இல்லை. கட்டிலின் நான்கு சக்கரங்களும் பூட்டியிருந்தன.

ஆனாலும் கட்டில், யாரோ காலால் உந்திவிட்டாற்போல், மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.